உருப்பெருக்கிக் கண்ணாடி பிடித்த கை

ஜேம்ஸ் ஜாய்ஸின் வண்ணப் படம் ஒன்று உண்டு. 1939இல் பாரிசில் எடுத்தது. செவ்வெல்வெட் கோட்டு, விரல்களில் மோதிரம், தாளின் மேல் பிடித்த உருப்பெருக்கிக் கண்ணாடி. பாரிசுக்கு அடையாளமாக ஈஃபில் கோபுரமோ காபிக்கடை மேசையோ அதில் இல்லை. வேற்று மண்ணில் வாழ்ந்த எழுத்தாளர்களைக் காட்டும் படங்களில் இதற்கே நான் முதலிடம் தருவேன். 1904இல் டப்ளினைவிட்டுப் புறப்பட்டவருக்குக் கடைசிவரை ஊராக இருந்தது அந்தத் தாள்தான்.

எடுத்தவர் ஜிசேல் ஃப்ராய்ண்ட். பெர்லினில் பிறந்த யூதப் பெண். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் பாரிசுக்குத் தப்பி வந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஒளிப்படக் கலை பற்றிய அவருடைய ஆய்வேட்டை 1936இல் நூலாக்கியவர், ஓதெயோன் தெருவில் புத்தகக் கடை வைத்திருந்த அத்ரியேன் மோனியே. அதே தெருவில் 12ஆம் எண்ணில்தான், ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவலை 1922இல் துணிந்து வெளியிட்ட அமெரிக்கப் பெண் சில்வியா பீச்சின் கடையும் இருந்தது. 1926இல் கண்ணில் பட்டை கட்டிய ஜாய்ஸைப் படமெடுத்த பெரனிஸ் அபட்டும் அமெரிக்கர்தான். ஊர்விட்டு வந்தவரை ஊர்விட்டு வந்தவரே படம்பிடித்த காலம் அது.

‘டைம்’ இதழுக்காகத்தான் ஃப்ராய்ண்ட் அந்த வண்ணப் படங்களை எடுத்தார். கண் நோயால் வாடிய ஜாய்ஸுக்கு விளக்கொளியில் உட்காருவதே வேதனை. படப்பிடிப்பு முடிந்து திரும்பும் வழியில் ஃப்ராய்ண்ட் வந்த டாக்சி விபத்துக்குள்ளானது. சுருள் கெட்டிருக்கும் என்று பதறிப்போய் ஜாய்ஸுக்குத் தொலைபேசினார். அவரும் மறுபடி உட்கார இசைந்தார். மே 8ஆம் தேதியிட்ட இதழின் அட்டையில் படம் வந்தது.

எழுத்தில் தீட்டிய சித்திரங்களும் உண்டு. ஹெமிங்வேயின் பாரிஸ் நினைவுகள், அவர் மறைந்தபின் 1964இல் நூலாயின. அழகான நூல்; ஆனால் சக எழுத்தாளர்களான கெர்ட்ரூட் ஸ்டைனையும் ஃபிட்ஸ்ஜெரால்டையும் பற்றிய பக்கங்களில் பழைய கணக்கைத் தீர்க்கும் முனைப்பு தெரிகிறது. முப்பது ஆண்டு கழித்து எழுதும்போது மனக்கசப்பும் சேர்ந்தே எழுதும். ஃப்ராய்ண்டின் சுருளுக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை.

1937இல் அவர் எடுத்த, சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் படமும் அப்படிப்பட்டதே. பெஞ்சமினும் பெர்லின்காரர், அகதி. பிரான்சின் தேசிய நூலகத்தில் தலை குனிந்து தன் வேலையில் ஆழ்ந்திருக்கிறார். கேமரா அவர் நினைவில் இல்லை. 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிசை நெருங்க, ஃப்ராய்ண்ட் மிதிவண்டியில் வெளியேறினார். அதே ஆண்டு செப்டம்பரில் பெஞ்சமின் ஸ்பெயின் எல்லையூர் ஒன்றில் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் ஜாய்ஸ் ஜூரிக்கில் இறந்தார்.