கழுத்துத் திருகலும் கைரோபிராக்டிக் சிகிச்சையும்

கழுத்துத் திருகல் அல்லது டார்ட்டிகாலிஸ் என்பது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தும், முகவாய் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் திரும்பியும் நிற்கும் நிலையாகும். "முறுக்கிய", "கழுத்து" எனப் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களிலிருந்து இப்பெயர் உருவானது. இது தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. தூக்கத்தில் ஏற்பட்ட சுளுக்கும் தண்டுவடத்தில் வளரும் கட்டியும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரியான சாய்ந்த கழுத்தையே காட்டக்கூடும். முள்ளெலும்புகளைக் கையால் அசைத்துச் சரிசெய்ய முனையும் கைரோபிராக்டிக் முறை இந்நிலைக்கு ஏற்றதா என்னும் விவாதத்தின் மையமும் இதுவே.

சிசுக்களில்

சிசுக்களில் மிகுதியாகக் காணப்படுவது பிறவித் தசைசார் கழுத்துத் திருகல் ஆகும். மார்பெலும்பு, காறை எலும்பு ஆகியவற்றில் தொடங்கிக் காதுக்குப் பின்னுள்ள எலும்புப் புடைப்பு வரை செல்லும் தசை ஒரு பக்கத்தில் சுருங்கிக் குறுகிவிடுகின்றது. இத்தசையின் பெயர் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு. வலத் தசை குறுகினால் தலை வலப்பக்கம் சாய, முகவாய் இடப்பக்கம் திரும்பும். கருப்பையில் இட நெருக்கடி, பிறப்பின்போது தசைக்கு ஏற்படும் காயம் ஆகியன காரணங்களாகக் கருதப்படுகின்றன. சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் அத்தசையில் கடினமான ஒரு கட்டி தட்டுப்படும். இது புற்றுநோய் அன்று. மாதங்கள் செல்லத் தானே கரைந்துவிடும்.

ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுப்பதால் பின்மண்டை தட்டையாவதுண்டு. இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடும் உடனிருக்கலாம் என்பதால் மருத்துவர்கள் இடுப்பையும் சேர்த்தே பரிசோதிப்பர்.

இதற்கான முதன்மைச் சிகிச்சை இயன்முறை சிகிச்சையாகும். தசையை மெதுவாக நீட்டும் பயிற்சி, விழித்திருக்கும்போது கண்காணிப்புடன் குப்புறப் படுக்கவைத்தல், குழந்தை திரும்பத் தயங்கும் பக்கத்தில் ஒலியும் விளையாட்டுப் பொருளும் காட்டித் திரும்பச் செய்தல் ஆகியன இதிலடங்கும். இங்கு காலமே முக்கியம். அமெரிக்க இயன்முறை மருத்துவர்களின் வழிகாட்டுநெறியின்படி, பிறந்த ஒரு மாதத்திற்குள் தொடங்கினால் 98 விழுக்காட்டினர் சுமார் ஒன்றரை மாதத்தில் இயல்பான கழுத்தசைவைப் பெறுகின்றனர். ஆறு மாத வயதுக்குப் பின் தொடங்கினால் 9 முதல் 10 மாதங்கள் தேவைப்படலாம். மிகச் சிலருக்கே அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும்.

பெரியவர்களில்

காலையில் எழும்போது கழுத்தைத் திருப்ப முடியாமற் போகும் சுளுக்கே பலரும் அறிந்த வடிவம். இது பொதுவாகச் சில நாட்களில், மிஞ்சினால் இரண்டு வாரங்களில் தானே சரியாகும்.

மாறாக, கழுத்து டிஸ்டோனியா என்பது மூளையிலிருந்து தசைகளுக்குச் செல்லும் கட்டளைகளில் ஏற்படும் கோளாறாகும். முகவாயை விரலால் இலேசாகத் தொட்டவுடன் முறுக்கம் சற்றுத் தணிவது இதன் வியப்பான அடையாளம். பொட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் தசைக்குள் செலுத்துவது இதற்கான முதன்மைச் சிகிச்சை; அதன் பயன் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடிக்கும். கோளாறு எலும்பில் இல்லாததால் எலும்பைச் சரிசெய்து இதைக் குணப்படுத்த இயலாது.

வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்குத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளாலும் கழுத்து திடீரென முறுக்கிக்கொள்ளலாம். இது மாற்று மருந்தால் விரைவில் தீரும்.

கைரோபிராக்டிக் முறை

கைரோபிராக்டிக் 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டாவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவரால் தொடங்கப்பட்டது. முள்ளெலும்புகள் இடம் பிசகி நரம்புகளை அழுத்துவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவரது கொள்கை. இக்கொள்கையை அறிவியல் மருத்துவம் ஏற்கவில்லை. பெரியவர்களுக்கு மூட்டை வேகமாகத் திருகி ஒலி எழச் செய்யும் கைச்சிகிச்சையும், சிசுக்களுக்குப் பெரும்பாலும் விரல்நுனியால் இலேசான அழுத்தமும் தரப்படுகின்றன.

தமிழ்நாட்டில் குழந்தைக்கு "உரம் விழுந்தது" எனக் கருதிச் சேலையில் கிடத்தி உருட்டி உரம் எடுப்பதும், முடிதிருத்தகங்களில் கழுத்தைச் சட்டெனத் திருப்பி நெட்டி எடுப்பதும் இம்முறையிலிருந்து வந்தவை அல்ல. ஆயினும் காரணம் அறியாமல் கழுத்தை அசைப்பதிலுள்ள கேள்வி இவற்றுக்கும் பொருந்தும்.

சான்றுகள்

பெரியவர்களின் பொதுவான கழுத்துவலிக்கு இம்முறை ஓரளவு பயன் தருகின்றது. 272 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கைச்சிகிச்சை மருந்தைவிட மேலாக இருந்தது. ஆனால் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுத்த எளிய பயிற்சிகளும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தன. சிசுக்களின் திருகலுக்கு இத்தகைய சான்று இல்லை. 2011இல் வெளியான, நோர்வேயில் 32 சிசுக்களைக் கொண்டு நடத்தப்பட்ட சிறு ஆய்வொன்றில், இயன்முறை சிகிச்சையுடன் கைச்சிகிச்சையைச் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் காணப்படவில்லை. தானே குணமாகக்கூடிய நிலை என்பதால், குணமடைந்த ஒரு குழந்தையைக் காட்டுவது மட்டும் சான்றாகாது.

ஆபத்துகள்

1992இல் குழந்தை மருத்துவ இதழொன்றில் ஒரு நிகழ்வு பதிவானது. பிறவிக் கழுத்துத் திருகலுக்காகக் கைரோபிராக்டிக் சிகிச்சை பெற்ற நான்கு மாதக் குழந்தைக்குக் கைகால்கள் நான்கும் செயலிழந்தன. திருகலுக்கு உண்மைக் காரணம் தண்டுவடக் கட்டி என்பது பின்னரே தெரியவந்தது. இது அரிதானது, எனினும் படமெடுத்துப் பார்க்காமல் வெளியிலிருந்து கண்டறிய இயலாத ஒன்று.

தொண்டை நோய்த்தொற்றுக்குப் பின் குழந்தையின் முதலிரு கழுத்தெலும்புகள் விலகுவது கிரிசெல் நோய்க்கூட்டறிகுறி எனப்படும். இந்நிலையிலும், டவுன் நோய்க்கூட்டறிகுறி, முடக்குவாதம் ஆகியவற்றால் அவ்வெலும்புகள் தளர்ந்தோரிடத்தும் கழுத்தைத் திருகுவது தண்டுவடத்தை நசுக்கக்கூடும்.

பெரியவர்களில் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்படுவதற்கும் கைச்சிகிச்சைக்கும் தொடர்பு காணப்படுவதாக அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் அறிவித்தது. கிழிசலே முதலில் வலியை உண்டாக்கி நோயாளியைச் சிகிச்சைக்கு வரச் செய்திருக்கலாம் என்பதால், எது காரணம் எது விளைவு என்பது நிறுவப்படவில்லை. இருப்பினும் சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் இதைத் தெரிவிக்க வேண்டும் என அச்சங்கம் பரிந்துரைத்தது.

இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு முதுகெலும்புக் கைச்சிகிச்சை செய்யலாகாது என ஆஸ்திரேலியக் கைரோபிராக்டிக் வாரியம் 2019இல் இடைக்கால விதி வகுத்தது. 2023இல் நீக்கப்பட்ட அவ்விதி, சுகாதார அமைச்சர்களின் எதிர்ப்புக்குப் பின் 2024இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

காய்ச்சல், விபத்து, கடும் தலைவலி, கைகால் தளர்ச்சி, நடையில் தடுமாற்றம், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கழுத்துத் திருகலுடன் சேர்ந்திருந்தாலோ, பிறப்பில் இல்லாத திருகல் குழந்தைக்குப் புதிதாகத் தோன்றினாலோ, கழுத்தை எவரும் அசைக்குமுன் மருத்துவமனையில் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.