உய்யானமும் இலவந்திகையும்

பெரியகுளத்தைச் சுற்றி எத்திசையில் நடப்பினும் மாந்தோப்புகளே கண்ணிற்படும். தோப்பு என்பதைத் தொகுப்பு என்னும் சொல்லின் திரிபாகக் கொள்வர். பயன்மரங்கள் தொகுதியாக நிற்குமிடம் அது. இன்பம் நுகர்தற்கென்றே அமைந்த சோலைகளுக்கோ நம் முன்னோர் வேறு பெயர்களை வழங்கினர். அவற்றுட் சில மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் அடுத்தடுத்து வருகின்றன.

மலர் கொய்யச் செல்லும் மணிமேகலை எந்தச் சோலைக்குச் செல்லலாகாது என்பதைச் சுதமதி அங்கே விரித்துரைக்கின்றாள். இலவந்திகையில் மன்னனைச் சூழ்ந்தோர் இருப்பர். உய்யானமோ வானவர்க்குரியது, அங்கே வாடாத மாலைகள் தொங்கும், வண்டு முரலாது, பாசம் ஏந்திய பூதம் காத்து நிற்கும். சம்பாதி வனமும் கவேர வனமும் அவ்வாறே விலக்கப்படுகின்றன. எஞ்சுவது உவவனம் ஒன்றே.

உய்யானம் என்னும் சொல்லை ‘உய்’ என்னும் வினையோடு இணைத்து, உயிர் உய்யுமிடம் என்று மாணவியர் எழுதுவதுண்டு. கேட்க இனிதாயினும் அது பொருந்தாது. வடமொழியில் உத்யானம், பாலியில் உய்யான. வெளியே போதல் என்பதே அதன் வேர்ப்பொருள். அரண்மனை விட்டு உலாப் போகுமிடம் எனலாம். தமிழ் வடிவம் பாலி வடிவத்தையே ஒத்திருத்தலின், பௌத்தர் வாய்மொழி வழியாக இச்சொல் நம்மிடம் வந்திருத்தல் கூடும். உபவனம் உவவனமாயிற்று.

இலவந்திகைக்குப் பழைய உரை தரும் விளக்கம் சுவையானது. நீராவியைச் சூழ்ந்து, அரசனும் உரிமை மகளிரும் ஆடுதற்குரிய காவற்சோலை என்பது அவ்வுரை. காவல் என்னும் சொல்லை இங்கே கருத வேண்டும். சோலையைக் குறிக்கும் ‘கா’ என்னும் நம் ஓரெழுத்தொரு மொழியும் காத்தலின் அடியாகவே பிறந்தது என்பர். வடசொல் வெளியே போதலைச் சொல்ல, தமிழ்ச்சொல் காத்தலைச் சொல்கின்றது. யாருக்காகக் காத்தல் என்பதே வினா.

இவ்வினாவிற்கு நம் பாண்டி நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. புறநானூற்றில் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனை ஐந்து பாடல்கள் பாடுகின்றன. பள்ளி துயிலிடம், துஞ்சுதல் இறத்தலைக் குறிக்கும் மங்கல வழக்கு. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என மற்றொருவனும் இருந்தமையின், இறந்த இடமே இருவரையும் பிரித்தறியும் அடையாளமாயிற்று. போரில் வென்றவன் என்றோ வள்ளல் என்றோ அன்றி, சோலையில் உயிர் நீத்தவன் என்றே இவன் நினைக்கப்பட்டான்.

அவனை நோக்கிக் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடிய 57ஆம் பாடலை இப்பெயரோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். பகைவர் வயலைக் கொள்ளையிடினும் இடுக, ஊரை எரிப்பினும் எரிக்க. அவர்தம் காவல் மரங்களை மட்டும் வெட்டாதே என்கிறார் புலவர். அதற்கு அவர் அறத்தைக் காரணமாகக் காட்டவில்லை. நின் நெடிய யானைகளைக் கட்டும் தறியாக அம்மரங்கள் தாங்கமாட்டா என்கிறார். எரியும் ஊருக்காகக் கேளாத புலவர், தனக்கெனக் காவற்சோலை உடையானிடம் பகைவர் மரத்திற்காகப் பேசுகிறார். அதையும் அவனுக்கு உறைக்கும் யானைக் கணக்கிலேயே பேசுகிறார்.