மெதுவாகச் சுற்றும் துரப்பணத்தின் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியை ஆற்றிக்கொண்டே படியுங்கள்.

1994-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தான். இன்று அவன் பொறியாளர். "டீச்சர், என் பையன் பிளாஸ்டிக் விமான மாடல் செய்யறான். இறக்கையில 1 மி.மீ. துளை போடணும். நிமிஷத்துக்கு 20,000 சுத்து சுத்துற டிரில் வாங்கிக் கொடுத்தேன். துளை விழறதுக்குப் பதிலா பிளாஸ்டிக் உருகிப் போச்சு. விரலால திருகுற சின்னக் கருவியே போதும்னு கடைக்காரர் சொல்றார். இந்தக் காலத்துல அதைப் போய் வாங்கணுமா?" என்று கேட்டான். கூடவே இன்னொன்றும் சொன்னான். இறக்கை கெட்டுப்போனதும் பையன் பெட்டியை மூடி வைத்துவிட்டானாம். "எனக்குக் கைவேலை வராதுப்பா" என்கிறானாம். அந்தக் கடைசி வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். டிரில்லுக்குத் தமிழில் துரப்பணம் என்று பெயர். தமரூசி என்றும் சொல்வார்கள். எண்ணெய்க் கிணறு பற்றிய செய்திகளில் 'துரப்பணப் பணி' என்று வருகிறதே, அதே சொல்தான். நம் தச்சர்களின் துரப்பணம் ஒரு மரத்தண்டு. அதன் நுனியில் இரும்பு அலகு இருக்கும். தண்டில் கயிற்றைச் சுற்றி, வில்லால் முன்னும் பின்னும் இழுப்பார்கள். தண்டின் தலையில் தேங்காய் ஓட்டைக் கவிழ்த்து இடக்கையால் அழுத்தியபடி எங்கள் தெரு ஆசாரியார் கட்டில் காலுக்குத் துளை போடுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். வில் இல்லாமல் வெறும் கயிறு என்றால், இழுப்பதற்கு அவர் மகன் எதிரே உட்கார்ந்திருப்பான்.

இந்த வில் துரப்பணம் எவ்வளவு பழையது தெரியுமா? பலுசிஸ்தானில் மெஹர்கர் என்ற இடம் இருக்கிறது. அங்கே சுமார் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைகளில் 9 பேரின் 11 கடைவாய்ப் பற்களில் துளை போட்டிருப்பதைக் கண்டறிந்து, 2006-ல் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். துளைகளின் விளிம்பு தேய்ந்திருந்தது. அப்படியென்றால் துளை போட்ட பிறகும் அந்த மனிதர்கள் உயிரோடு இருந்து மென்று சாப்பிட்டிருக்கிறார்கள். சிக்கிமுக்கிக் கல் முனையை வில் துரப்பணத்தில் பொருத்திச் சோதித்தபோது ஒரு நிமிடத்துக்குள் அத்தகைய துளை விழுந்தது. துளைகளின் அகலம் 1.3 முதல் 3.2 மி.மீ. வரை. நம் பையன் விமானத்துக்குக் கேட்கும் அளவும் ஏறக்குறைய அதுதான்!

அடுத்து சிந்துவெளி. அங்கே சிவப்பு நிறக் கார்னீலியன் கல்லில் நீளமான மணிகள் செய்தார்கள். அந்தக் கல்லுக்குள் நேராகத் துளை போட மிகக் கடினமான ஒரு தனிவகைக் கல்லில் அலகு செய்து வைத்திருந்தார்கள். அப்படியும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.5 மி.மீ. ஆழம்தான் இறங்கும் என்று இன்றைய சோதனைகள் காட்டுகின்றன. ஒரு நீள மணிக்கு நாட்கணக்கில் உழைப்பு. அவசரப்பட்டால் கல் சூடேறி விரிசல் விடும். அத்தனை நாள் வேலையும் போய்விடும். நம் ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்விலும் செய்து முடிக்காத கல்மணிகள் பல நிலைகளில் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் அது.

எகிப்தில் சோபெக்கோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் மணி செய்பவர்களை வரைந்திருக்கிறார்கள். சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஓவியம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே வில்லால் பல துரப்பணங்களைச் சேர்த்துச் சுழற்றுகிறார்கள். வேலையைப் பெருக்க அவர்கள் கண்ட வழியைக் கவனியுங்கள். சுழற்சியைக் கூட்டவில்லை, துரப்பணங்களைக் கூட்டினார்கள்.

வில் துரப்பணத்துக்கு ஒரு குணம் உண்டு. வில்லைத் தள்ளினால் ஒரு பக்கம் சுற்றும், இழுத்தால் மறுபக்கம் சுற்றும். அதனால் இரண்டு பக்கமும் சுரண்டும் தட்டையான அலகுதான் அதற்குப் பொருந்தும். கடையில் நாம் பார்க்கிற, முறுக்குக் கம்பி போன்ற டிரில் பிட் ஒரே திசையில் சுற்றினால்தான் வெட்டும். அந்த முறுக்கு அலகுக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீபன் மோர்ஸ் 1863-ல் காப்புரிமை பெற்றார். கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் வழியாக ஒரே திசையில் சுழலும் கைத்துரப்பணம் இதற்கு மிகவும் ஏற்றது. முட்டை அடிக்கும் கருவி போலவே இருக்கும். பழைய பட்டறைகளில் இன்றும் கண்ணில் படும்.

பொழுதுபோக்காக மாதிரி செய்பவர்கள் கைக்கு இந்தக் கருவிகள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இங்கிலாந்தில் மெல்லிய பலகையில் பூ வேலை அறுப்பது வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. இதற்கென்றே 1895-ல் 'ஹாபீஸ்' என்ற வார இதழ் தொடங்கியது. அறுப்பதற்கு முன் ரம்பம் நுழைய ஒரு சிறு துளை வேண்டும். அதற்குப் பயன்பட்டது ஆர்க்கிமிடிய துரப்பணம். அதை ஆர்க்கிமிடீஸ் செய்யவில்லை. அவர் பெயரில் வழங்கும் திருகு வடிவம் அதன் தண்டில் இருக்கிறது, அவ்வளவுதான். தண்டிலுள்ள குமிழை மேலும் கீழும் நகர்த்தினால் நுனி சுழலும். கடிகாரம் பழுது பார்ப்பவர்களும் நகைத் தொழிலாளர்களும் இதைப் பயன்படுத்தினார்கள். இதைவிட எளியது பின் வைஸ். பேனா அளவிலான பிடி, நுனியில் மெல்லிய பிட்டைக் கவ்வும் வாய், உள்ளங்கையில் பதியும் சுழல் தலை. மாணவனுக்குக் கடைக்காரர் சொன்னது இதைத்தான்.

மின்சாரம் வந்ததும் கதை மாறியது. 1889-ல் மெல்பர்னில் ஆர்தர் ஆர்னாட், வில்லியம் பிரெய்ன் இருவரும் மின்துரப்பணத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது பாறையும் நிலக்கரியும் துளைப்பதற்கு. கையில் பிடிக்கும் மின்துரப்பணத்தை 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் செய்தது. துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் கொண்ட வடிவத்துக்கு 1917-ல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை பெற்றது. 1932-ல் ஆல்பர்ட் டிரெமல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம், கைக்குள் அடங்கும் அதிவேகச் சுழல் கருவியைப் பரப்பியது. இன்று அந்த வகைக் கருவிகளில் பல நிமிடத்துக்கு 5,000 முதல் 35,000 சுற்று வரை சுற்றும். உலோகத்தைத் தேய்க்கவும் மெருகேற்றவும் அந்த வேகம் தேவை. பல் மருத்துவர்கள் இன்னும் மேலே போனார்கள். 1957-ல் வந்த காற்றுச் சுழலி சுமார் 3,00,000 சுற்று சுற்றியது. ஆனால் கூடவே தண்ணீரைப் பீய்ச்ச வேண்டியிருந்தது. இல்லையென்றால் பல்லே சூட்டில் கெட்டுவிடும்.

இப்போது நம் விமானத்துக்கு வருவோம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலின் சிறு மாதிரியை இரண்டு ஷில்லிங்குக்கு வெளியிட்டது. அதன் பிறகு இத்தகைய பெட்டிகள் உலகெங்கும் பரவின. இவை பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. சுமார் 100 டிகிரி செல்சியஸில் அது இளகிவிடும். வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தவும் செய்யாது. உராய்வில் பிறந்த சூடு பிட்டின் நுனியிலேயே தேங்கும்.

பலகையில் ஒரு கணக்குப் போடட்டுமா? 1 மி.மீ. பிட்டின் சுற்றளவு 3.14 மி.மீ. நிமிடத்துக்கு 20,000 சுற்று என்றால் அதன் விளிம்பு ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 63 மீட்டர் உரசிச் செல்கிறது. விரலால் திருகினால் நிமிடத்துக்கு 60 சுற்று என்று வையுங்கள், 19 சென்டிமீட்டர்தான். 300 மடங்குக்கும் மேல் வித்தியாசம். முதல் வகையில் பிளாஸ்டிக் உருகி பிட்டைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவதில் மெல்லிய சுருளாகச் சீவப்பட்டு வெளியே வருகிறது. அதனால்தான் இத்தனை மின்கருவி வந்த பிறகும் மாடல் செய்பவர்கள் பின் வைஸைக் கைவிடவில்லை. மின்கருவியே வேண்டும் என்றால் கியர் வைத்து வேகத்தைச் சில நூறு சுற்றுகளுக்குக் குறைத்ததை வாங்க வேண்டும். கியர் வேகத்தைக் குறைக்கும்போது திருகும் விசையைக் கூட்டித் தரும். மோட்டாருக்கு மின்னழுத்தத்தை மட்டும் குறைத்தால் அது பலமிழந்து பாதியில் நின்றுவிடும்.

ஆக, அந்தப் பையனின் கையில் குறை ஒன்றும் இல்லை. அவன் கையில் இருந்த கருவியின் வேகம் அந்தப் பொருளுக்குப் பொருந்தவில்லை. இதை அவனிடம் அப்படியே சொல்லச் சொல்லி அப்பாவுக்கு எழுதிவிட்டேன். செய்முறையும் எழுதினேன். முதலில் ஊசி நுனியால் ஒரு புள்ளிக் குழி. பிறகு வேண்டிய அளவைவிடச் சின்ன பிட்டால் துளை. நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும். கடைசியில் சரியான பிட். முதலில் பெட்டியோடு வரும் வேண்டாத பிளாஸ்டிக் சட்டத்தில் பத்துத் துளை போட்டுப் பழகட்டும். பதினோராவது துளைக்குள் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று விரலுக்கே தெரிந்துவிடும். உருகிய இடத்தைப் புட்டி வைத்து அடைத்துத் தேய்த்தால் அந்த இறக்கையையும் மீட்கலாம்.

நம் பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் எடுப்போம். அந்தப் பெயரைக் கேட்டதும் பெற்றோர் முகம் வாடுவதை முப்பது ஆண்டுக்கு மேல் பார்த்தவள் நான். துரப்பணத்தின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்த முகங்கள் நினைவுக்கு வரும். கார்னீலியன் மணியைத் துளைத்தவனை யாரும் மந்தம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு வேலையை மெதுவாகச் செய்தால், அவசரப்படுத்துவதற்கு முன் அந்த வேலைக்கு எவ்வளவு வேகம் தேவை என்று ஒரு முறை பாருங்கள். விடுமுறையில் கையில் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். போனை வேறு அறையில் வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவின் பரணிலோ ஆசாரியார் வீட்டிலோ வில் துரப்பணமோ, பல்சக்கரக் கைத்துரப்பணமோ இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து இங்கே போடுங்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். நான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்