ஊதினால் பறக்கும், உறிஞ்சினால் அடங்கும் – வேக்குவம் கிளீனரின் கதை



பி.காம். படிக்கிறவனுக்கு வேக்குவம் கிளீனரில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஒரு பொருள் சந்தைக்கு எப்படி வந்தது, யார் வாங்கினார்கள், யாரிடம் அது போய்ச் சேரவே இல்லை என்று பார்ப்பதும் வணிகவியல்தானே? தூசியையும் தண்ணீரையும் சேர்த்தே உறிஞ்சும் 'வெட் அண்ட் டிரை' வேக்குவம் கிளீனரை இன்று கார் கழுவும் இடங்களிலும் ஹோட்டல்களிலும் மரப் பட்டறைகளிலும் பார்க்கிறோம். ஒரு வாளி, மேலே ஒரு மோட்டார், ஒரு குழாய். இந்தச் சாதாரண வாளிக்குப் பின்னால் ஏறத்தாழ 150 ஆண்டுக் கதை இருக்கிறது. சுருக்கமாகப் பார்ப்போமா?

கைச்சுழலியும் இரும்புக் குழாயும்

1869-இல் சிகாகோவைச் சேர்ந்த ஐவ்ஸ் மெக்காஃபி என்பவர் 'வேர்ல்விண்ட்' என்ற துப்புரவுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கையால் கருவியைத் தள்ள வேண்டும், இன்னொரு கையால் விசிறியைச் சுழற்ற வேண்டும். துடைப்பமே மேல் என்று பெண்கள் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை!

அதே காலத்தில் நெதர்லாந்தில் சார்லஸ் லியர்னூர் என்ற பொறியாளர் இன்னும் பெரிய ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வீடுகளின் கழிப்பறைகளிலிருந்து காற்றுப் புகாத இரும்புக் குழாய்களைப் போட்டு, நீராவி பம்பால் காற்றை வெளியேற்றி, கழிவை ஒரு தொட்டிக்கு இழுத்துவிடுவது அவருடைய திட்டம். 1870-களில் ஆம்ஸ்டர்டாம், லெய்டன் போன்ற நகரங்களின் சில பகுதிகளில் இது நடைமுறையில் இருந்தது. சேர்ந்த கழிவை உரமாக விற்றுச் செலவை ஈடுகட்டுவது என்று கணக்குப் போட்டார்கள். மக்கள் கழிப்பறையில் தண்ணீரை அதிகம் ஊற்ற ஊற்ற உரம் நீர்த்துப்போனது, கணக்கும் நீர்த்துப்போனது. ஆனாலும் ஒரு விஷயம் அப்போதே தெரிந்துவிட்டது. மனிதக் கழிவை மனிதன் கையால் தொடாமல் எடுக்க முடியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கைக்குட்டையும் குதிரை வண்டியும்

1901-இல் லண்டனில் ஒரு செய்முறை விளக்கம் நடந்தது. ஒரு கருவி காற்றை வேகமாக ஊதித் தூசியைக் கிளப்பியது. கிளம்பிய தூசியில் பெரும்பகுதி திரும்பவும் பழைய இடத்திலேயே வந்து படிந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், 'ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன?' என்று கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. பூத் பாலங்களையும் வியன்னா நகரத்து ராட்சத ராட்டினம் போன்றவற்றையும் வடிவமைத்தவர். அவ்வளவு லேசில் விடுவாரா? ஓர் உணவு விடுதியில் நாற்காலியின் மெத்தை மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். இருமல் வந்தது, கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுப்பாகியிருந்தது. அதே ஆண்டில் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

அவருடைய இயந்திரம் குதிரை வண்டி அளவு இருந்தது. வண்டியைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு வீட்டைச் சுத்தம் செய்தார்கள். இங்கே வணிக மாணவர்கள் கவனிக்க வேண்டியது, பூத் முதலில் இயந்திரத்தை விற்கவில்லை, சுத்தம் செய்யும் சேவையை விற்றார். பணக்கார வீடுகள் இதை விருந்தாளிகளுக்குக் காட்டும் வேடிக்கையாகவே ஆக்கிக்கொண்டன. 1902-இல் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது இந்த இயந்திரந்தான்.

முதல் உலகப் போரில் அதற்கு இன்னும் பெரிய வேலை வந்தது. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கடற்படை வீரர்களைத் தங்க வைத்திருந்தார்கள். அங்கே காய்ச்சல் பரவியபோது பூத்தின் 15 இயந்திரங்கள் வரவழைக்கப்பட்டன. வெளியே எடுத்த தூசி 26 டன் என்று சொல்கிறார்கள். அதுவரை ஆடம்பரமாக இருந்த ஒன்று, அன்றைக்கு உயிர் காக்கும் கருவியாகப் பார்க்கப்பட்டது.

துப்புரவாளரின் தலையணை உறை

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் கேன்டன் நகரில், ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர் என்பவர் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தார். அவருக்கு ஆஸ்துமா. கூட்டினால் தூசி, தூசியால் மூச்சுத்திணறல், கூட்டாவிட்டால் சம்பளம் இல்லை. 1907-இல் ஒரு விசிறி மோட்டார், ஒரு மரப்பெட்டி, துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து, கையால் தள்ளக்கூடிய மின்சார உறிஞ்சியைச் செய்தார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. முதலீடு செய்யத்தான் பணம் இல்லை.

வாங்கியவர் வில்லியம் ஹூவர், தோல் பொருள் வியாபாரி. மோட்டார் கார்கள் வரத் தொடங்கியதால் குதிரைச் சேணத்துக்கு இனி எதிர்காலம் இல்லை என்று அவருக்குப் புரிந்திருந்தது. 10 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பாருங்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். பிறகு பிரிட்டனில் வீட்டைச் சுத்தம் செய்வதற்கே 'ஹூவர்' என்று சொல்லும் அளவுக்குப் பெயர் பரவியது. (நம் நாட்டில் 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ், டை கட்டிய இளைஞர்களை வீடு வீடாக அனுப்பி யூரோகிளீனை விற்றதும் ஏறக்குறைய இதே பாணிதான்.)

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பாங்ளர்தான். கூட்டுகிறவரின் நெஞ்சு வலிதான் இந்தக் கருவிக்கு வழிகாட்டியது.

தண்ணீர் எப்படி உள்ளே வந்தது?

வீட்டில் இருக்கும் சாதாரண வேக்குவம் கிளீனரால் தண்ணீரை உறிஞ்சக் கூடாது. காரணம் எளிது. அதில் பல வகைகளில், உறிஞ்சிய காற்றே மோட்டாரின் ஊடாகப் போய் அதைக் குளிர்விக்கிறது. காற்றோடு தண்ணீரும் போனால் மோட்டார் கெடும், ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு.

வெட் அண்ட் டிரை இயந்திரத்தில் மூன்று மாற்றங்கள். ஒன்று, மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்றுவழி. இரண்டு, அகலமான வாளி. குழாயில் வேகமாக வந்த காற்று வாளிக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது, கனமான தண்ணீரும் சேறும் கீழே விழுந்துவிடுகின்றன. மூன்று, ஒரு மிதவை. தண்ணீர் மேலே ஏறியதும் மிதவையும் ஏறி உறிஞ்சும் வாயை அடைத்துக்கொள்கிறது. மோட்டார் சத்தம் மாறினால் வாளி நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். தண்ணீர் எடுக்கும்போது காகித வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல், தின்னர், சூடான சாம்பல் ஆகியவற்றை ஒருபோதும் உறிஞ்சக் கூடாது, தீப்பிடிக்கும்.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த வாளி பட்டறைகளுக்கும் பிறகு வீடுகளுக்கும் வந்தது. அமெரிக்காவில் இதைப் பரப்பிய ஷாப்-வேக் நிறுவனத்தின் பெயரே அங்கே பொருளின் பெயராகிவிட்டது. பெயர் நிலைத்தாலும் நிறுவனம் தடுமாறியது. 2020 செப்டம்பரில் திடீரென்று மூடப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் சீனாவின் கிரேட்ஸ்டார் குழுமத்தின் கைக்கு மாறியது.

யாருக்கு வந்து சேரவில்லை?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வடிந்தபோது தெருவெல்லாம் சேறும், நனைந்த மெத்தைகளும், குப்பையும் மலைபோல் கிடந்தன. அதை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். பூத் கைக்குட்டை விரித்து 114 ஆண்டுகள் கழிந்த பிறகும் பெரிய அசுத்தம் என்று வந்தால் நமக்கு நினைவுக்கு வருவது மனிதர்களின் கைதான்.

அதைவிடக் கொடுமை மலக்குழிகள். கழிவுநீர் லாரி செய்வது லியர்னூர் செய்ததைத்தான். பம்ப் தொட்டியிலிருந்து காற்றை எடுக்கும், வெளிக்காற்றின் அழுத்தம் கழிவைக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் தள்ளும். ஒருவரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை. அடியில் இறுகிய கசடை லாரி எடுக்காது என்பார்கள். உண்மைதான். அதற்குத் தண்ணீரைப் பீய்ச்சி உடைக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஆட்களை இறக்குகிறார்கள், அவர்கள் விஷவாயு தாக்கி இறக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993-இல் ஒன்று, 2013-இல் அதைவிடக் கடுமையான இன்னொன்று. பாதுகாப்பில்லாமல் மலக்குழியில் ஆளை இறக்குகிறவருக்கு முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து என்கிறது 2013 சட்டம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

செலவுக் கணக்கியல் வகுப்பில், ஒரு வேலையின் உண்மையான செலவு என்பது கையில் கொடுக்கும் பணம் மட்டும் இல்லை என்று படிக்கிறோம். 'லாரியைவிட ஆள் மலிவு' என்று ஒருவர் சொல்லும்போது, அந்த ஆளின் உயிரைப் பூஜ்யம் என்று எழுதித்தான் அந்தக் கணக்கு நேராகிறது. அந்த வேலைக்கு இறங்குகிறவர்கள் காலங்காலமாக எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பூஜ்யம் யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

ஸ்பாங்ளருக்கு மூச்சு முட்டியபோது அவர் செய்த கருவியை வாங்க ஒரு முதலாளி இருந்தார், வாங்கிப் பயன்படுத்த வீடுகள் இருந்தன. மலக்குழிக்கான கருவியோ எப்போதோ தயாராகிவிட்டது. அதை வைத்துத்தான் வேலை நடக்க வேண்டும் என்று பணம் கொடுக்கிற நாம் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ அடுத்த முறை செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஆள் வந்தால், பேரம் பேசும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, லாரி வருதா? யாரும் உள்ளே இறங்க மாட்டீங்கள்ல?"

படித்தவர்கள் உங்கள் கருத்துகளை எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.