ஏற்பதும் விடுவதும்

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணை இருக்கிறது. மலையில் மழை பெய்தால் செம்மண்ணும் சருகுமாக வெள்ளம் புரண்டு வரும். வந்ததையெல்லாம் 46 அடி வரையில் அணை வாங்கி வைத்துக்கொள்கிறது. வயலுக்கு விடும்போது மட்டும் மதகின் கணக்குத் தப்புவதில்லை. இதை நினைக்கும்போது எனக்கு ஓர் அமெரிக்கரின் ஞாபகம் வருகிறது.

அவர் பெயர் ஜான் போஸ்டல். இணையத்தைக் கட்டியவர்களில் ஒருவர். பல தேசத்துக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை 1980-ம் ஆண்டில் எழுதும்போது, நடுவே ஒரு வாக்கியம் சேர்த்தார். அனுப்புவதில் கண்டிப்பாக இரு, ஏற்பதில் தாராளமாக இரு என்பது அதன் சாரம். யந்திரத்துக்குச் சொன்ன விதியா, மனிதனுக்குச் சொன்ன புத்திமதியா?

மனோதத்துவ நிபுணர்கள் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்தார்கள். ஆல்போர்ட், ஆட்பெர்ட் என்ற இருவர் இங்கிலீஷ் அகராதியைப் புரட்டி, மனித சுபாவத்தைக் குறிக்கும் சுமார் 18,000 சொற்களை 1936-ல் திரட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சலித்துச் சலித்து ஐந்து குணங்களில் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அவற்றில் இரண்டு, தன் காரியத்தில் ஒழுங்கும் பிறரிடத்தில் இணக்கமும். போஸ்டலின் விதியும் இவ்விரண்டுதானே? நம் வள்ளுவரோ அடக்கமுடைமை, பொறையுடைமை என்று தனித்தனி அதிகாரமே வகுத்துவிட்டார்.

ஆனால் இணக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. 1990-களில் வந்த பிரௌசர்கள், தப்பும் தவறுமாக எழுதிய இணையப் பக்கங்களையும் முகம் சுளிக்காமல் காட்டின. எழுதியவர்களுக்குத் தங்கள் பிழை தெரியவே இல்லை. பிழை பெருகிற்று, பிறகு அதுவே வழக்கமாயிற்று. 2014-ல் முடிவான எச்.டி.எம்.எல். 5 விதிகள், பிழையான பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதையும் விதியாகவே எழுதிவைக்க வேண்டி வந்தது. 2023-ல் இணையக் கட்டமைப்புச் சபையின் ஆவணம் ஒன்று, அந்தத் தாராளத்தைப் பற்றியே எச்சரித்தது.

நம் வீடுகளில் இது புதிய கதையா? எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் ஒரு தாயார் இருப்பாள். பிள்ளையின் கடனைச் சத்தமில்லாமல் அடைப்பாள். மருமகனின் கோபத்தை விழுங்குவாள். வீடு அமைதியாக நடக்கும். அணையின் அடியில் வண்டல் படிவதுபோல் அவள் மனத்தில் படிவதை யாரும் பார்ப்பதில்லை. அவளுடைய பொறுமையை நம்பியே மற்றவர்கள் தவறு செய்யப் பழகிவிடுகிறார்கள்.

போஸ்டல் 1998-ல் காலமானார். அவருடைய தாராளம் இல்லாவிட்டால் இணையம் இவ்வளவு தூரம் பரவியிராது என்றே நான் நினைக்கிறேன். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பொறுப்பவர், "இது பிழை, அப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியும் விட வேண்டும். அந்த ஒரு வார்த்தையைத்தான் நம் தாய்மார்கள் சொல்வதில்லை.