மனநல மருத்துவமனைக்குப் போகும் வழி

மனநோயாளிகளுக்கென்று தனி இல்லம் சென்னையில் 1794ஆம் ஆண்டு புரசைவாக்கத்தில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கானலி அதை நடத்தினார். அன்றைய சாதாரணக் குடும்பங்களுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரிந்திருக்காது. வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் அவர்கள் திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலுக்கும், ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடி தர்காவுக்கும் போனார்கள். குணசீலத்தில் 48 நாள் தங்கி, பூசை முடிந்ததும் முகத்தில் தெளிக்கும் தீர்த்தத்தை வாங்கிக்கொள்வது வழக்கம். ஏர்வாடியில் கனவில் உத்தரவு வரும்வரை காத்திருந்தார்கள். இங்கெல்லாம் யாரும் கடிதமோ சான்றிதழோ கேட்கவில்லை. நோயாளியோடு தாயோ அண்ணனோ கூடவே தங்கலாம். மருந்து கிடைக்காத இந்த இடங்களை மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியதில் இதற்குப் பெரிய பங்குண்டு.

அரசின் வழி வேறு மாதிரி இருந்தது. 1858ஆம் ஆண்டின் சட்டம், தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்றது. மருத்துவர் சான்றளித்தால் மாஜிஸ்திரேட் அவரைக் காப்பகத்துக்கு அனுப்புவார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்தில் புதிய காப்பகம் திறந்தபோதும் அதன் வாசலுக்கு வந்து சேரும் பாதை இதுதான்.

அடுத்து வந்த 1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. இதன்படி குடும்பத்தார் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க வேண்டும். இரண்டு மருத்துவர்களின் சான்றிதழ்களை அதோடு இணைக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரித்து 'அனுமதி உத்தரவு' பிறப்பித்த பிறகே மருத்துவமனை சேர்த்துக்கொள்ளும். தானாக முன்வந்து சேரவும் சட்டத்தில் இடமிருந்தது. ஆனால் அதற்குக் காப்பகத்தை மேற்பார்வையிடும் பார்வையாளர் குழுவில் இருவரின் சம்மதம் தேவை. காரணமின்றி ஒருவரை அடைத்துவைக்கக் கூடாது என்பதே இந்த விதிகளின் நோக்கம். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. நடைமுறையில் நேர்ந்ததோ வேறு. மனநோய் என்றாலே கோர்ட்டும் போலீசும் நினைவுக்கு வந்தன. தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, வேலைக்குப் போவதை நிறுத்திய ஒருவரை அந்தக் கட்டத்தில் யாரும் அழைத்து வரவில்லை. கைமீறிப் போன பிறகே கொண்டுவந்தார்கள். பெரும்பாலான மற்ற நோய்களுக்கு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து கேட்கப்படவில்லை என்பதை ஊர் கவனித்தது. அந்த அவப்பெயர் நோயின் மேல் ஒட்டிக்கொண்டது.

1922இல் கீழ்ப்பாக்கம் காப்பகத்தின் பெயர் அரசு மனநல மருத்துவமனை என்று மாறியது. பெயர் மாறினாலும் இடம் போதவில்லை. 1946இல் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு அறிக்கை தந்தபோது இந்தியா முழுவதும் மனநோயாளிகளுக்குச் சுமார் 10,000 படுக்கைகளே இருந்தன.

பாதையைத் திறந்துவிட்டவர்கள் மருத்துவர்கள். புறநோயாளிப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்க்க நீதிமன்றம் தேவையில்லை. புதிய மருந்துகள் வந்த பிறகு பலருக்கு வார்டில் சேரும் அவசியமும் இல்லாமல் போனது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குடும்பத்தினர் நோயாளியுடனேயே தங்கிப் பராமரிக்கும் முறை வந்தது. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், குணமானவர்கள் திரும்பிப் போய் வாழ வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். ஓய்வுபெற்ற பின் 1984இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுவோருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் துணை நின்றது. மருத்துவமனைக்கு வெளியே சமூகத்துக்குள் ஒரு சேவை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்ற அவர் உழைப்பு முக்கியக் காரணம்.

1982இல் அறிவித்த தேசிய மனநலத் திட்டம், மனநலத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைக்க முயன்றது. கர்நாடகத்தின் பெல்லாரியில் சோதித்துப் பார்த்த முறையை வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அது முதலில் திருச்சியில் தொடங்கியது. பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் நோயை அடையாளம் கண்டு மருந்து தொடங்குவார். அவரால் இயலாததை மாவட்ட மனநல மருத்துவருக்கு அனுப்புவார். போலீசிடம் தொடங்கிய பரிந்துரை, ஊர் மருத்துவரின் மேசைக்கு வந்தது.

ஆனால் சட்டம் பின்தங்கியது. 1993இல் நடைமுறைக்கு வந்த 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தானாகச் சேர்வதை எளிதாக்கினாலும், மாஜிஸ்திரேட்டின் உத்தரவை விடவில்லை. ஏழைக் குடும்பங்கள் ஏர்வாடிக்கே போய்க்கொண்டிருந்தன. தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் பெருகின. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அப்படி ஒரு விடுதியின் ஓலைக்கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் வேறு வழி அறியாத உறவினர்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த விடுதிகள் மூடப்பட்டன. பின்னாளில் அரசு மனநல மருத்துவர்கள் தர்கா வளாகத்திலேயே மருந்து தரத் தொடங்கினர். தொழ வருபவரைத் தடுக்காமல் மருந்தையும் கையில் கொடுக்கும் இந்த ஏற்பாடு, நூறாண்டுச் சட்டங்கள் செய்யத் தவறிய வேலையைச் செய்கிறது.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) மனநலச் சிகிச்சையை உரிமையாக்கியது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. வயது வந்த எவரும் தாமே மருத்துவமனைக்குப் போய்ச் சேரலாம். தாமே முடிவெடுக்க முடியாத நிலையில், அவர் நியமித்த பிரதிநிதி விண்ணப்பிக்கலாம். அந்த அனுமதி முதலில் 30 நாள் வரைதான். தெருவில் திரிபவரைப் போலீஸ் இன்றும் அழைத்து வரலாம். ஆனால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்று உதவி தேடுபவர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ தொடங்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். ஆலோசகர் தமிழிலேயே பேசி, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்.