பெட்டிக்குள் இருந்த கண்டி

கலஹா பக்கம் இருக்கிற நண்பன் ஒருத்தன் போன மாதம் இரண்டு படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தவை. ஒன்றில் யானை ஒரு மனிதனைக் கொல்கிறது. மற்றதில் கண்டியில் யானை ஊர்வலம். தாத்தா துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தபோது, ஊருக்குக் கிளம்பிய துரை சுவரில் இருந்ததைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம்.

நண்பன் கண்டி டவுனில் ஒரு பழம்பொருள் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் ஒரு நிமிஷம்தான் பார்த்தார். "ரெண்டையும் வச்சிட்டுப் போங்க தம்பி, இப்பவே காசு தாறேன்" என்றார். அடுத்து, "லயத்துல இருக்கிறவங்களுக்கு இது எப்படிக் கிடைச்சிச்சு?" என்று கேட்டார். நண்பன் படங்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

"விக்கணும்னா யார நம்புறது?" என்று என்னிடம் கேட்டான். யாரை நம்பலாம் என்று தெரிய, முதலில் கையில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டும்.

யானைப் படத்தின் கதை 1660இல் தொடங்குகிறது. திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரத்தில் பிடிபட்ட ராபர்ட் நொக்ஸ், இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் கிட்டத்தட்ட 20 வருஷம் கைதியாக இருந்தார். 1679இல் தப்பினார். 1681இல் லண்டனில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. யானையால் மரணதண்டனை நிறைவேற்றும் அந்தப் பிரபலமான படம் அதில்தான் இருக்கு. பிறகு ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள் வந்தன. 1911இல் கிளாஸ்கோவில் மறுபதிப்பும் வந்தது. அதனால் "நொக்ஸ் படம்" என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தப் பதிப்பு என்பதில்தான் விலை இருக்கு.

ஊர்வலப் படம் வேறு ரகம். 1875இல் வேல்ஸ் இளவரசர் கண்டிக்கு வந்தபோது லண்டன் பத்திரிகைகள் அந்த வருகையைப் படங்களாக வெளியிட்டன. இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் மாதிரியான வாரப் பத்திரிகைகள் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தன. பெரிய படமென்றால் பல கட்டைகளைப் பிரித்துக் கொடுத்து, பலர் செதுக்கி, பிறகு ஒன்றாகப் பூட்டுவார்கள். உற்றுப் பார்த்தால் சிலவற்றில் அந்தப் பொருத்துக் கோடு தெரியும். ஆயிரக்கணக்கில் அச்சானவை என்பதால் பொதுவாக விலை குறைவு. அப்போது பெரும்பாலும் கறுப்பு மையில்தான் வந்தன. நிறம் இருந்தால், பிறகு யாரோ பூசியது என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

வீட்டிலேயே சில சோதனைகள் செய்யலாம். செப்புத்தகட்டில் அச்சான படத்தைச் சுற்றி, தகடு அழுத்திய பள்ளம் காகிதத்தில் தெரியும் (ஓரத்தை வெட்டியிருந்தால் இருக்காது). 17ஆம் நூற்றாண்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் நெருக்கமான கோடுகள் தெரியும். லென்ஸில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. பின்பக்கம் ஆங்கிலச் செய்தி இருந்தால் பத்திரிகைத் தாளாக இருக்கலாம். துடைக்காதீங்க, செலோடேப் ஒட்டாதீங்க, லெமினேட் பண்ணவே பண்ணாதீங்க.

இப்போது வியாபாரியிடம் போகலாம். பழைய நூல்களைப் பிரித்து, படங்களைத் தனித்தனியாக விற்பது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். ஆகவே நல்ல வியாபாரி படத்தை மட்டும் பார்க்க மாட்டார். எந்த நூல், எந்தப் பதிப்பு, ஓரம் வெட்டப்பட்டதா, நிறம் பிறகு பூசியதா என்று சொல்வார். சொன்னதை எழுதியும் தருவார். படத்தை அவரிடம் விட்டுவிட்டு வந்தால் பற்றுச்சீட்டு கொடுப்பார். விலை மதிப்பவரே வாங்குபவராகவும் இருந்தால் குறைத்துச் சொல்வதில்தான் அவருக்கு லாபம். அதனால் இன்னொருவரிடமும் கேளுங்க. லண்டனில் 1906இல் தொடங்கிய பழம்நூல் வியாபாரிகள் சங்கம் மாதிரியான அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. நல்ல படங்களை மின்னஞ்சலில் அனுப்பி அவர்களிடமும் கருத்துக் கேட்கலாம்.

ஆனால் படத்தையே தபாலில் அனுப்புவது வேறு விஷயம். இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்க கலாசார ஆதனச் சட்டம், அத்தகைய பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. உள்நாட்டில் அவற்றை வியாபாரம் செய்யவும் அனுமதிப்பத்திர முறையை வைத்திருக்கிறது. உங்கள் படம் அதற்குள் வருமா என்று தொல்பொருள் திணைக்களத்திடம் முதலில் கேளுங்க. கடைக்காரரிடம் "அனுமதிப்பத்திரம் இருக்கா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். அந்தக் கேள்விக்கே கோபப்படுகிறவரிடம் மேலே பேச ஒன்றுமில்லை.

கடைக்காரர் கேட்டாரே, "எப்படிக் கிடைச்சிச்சு?" என்று, அது தப்பான கேள்வி இல்லை. நல்ல வியாபாரியும் அதைக் கேட்பார். ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு அதன் மதிப்பில் ஒரு பகுதி. வித்தியாசம், பதிலை அவர் என்ன செய்கிறார் என்பதில் இருக்கு. ஒருத்தர் அதை வைத்து உங்களைத் திருடனாக்கி விலையைக் குறைப்பார். இன்னொருத்தர் பேனாவை எடுத்து எழுதிக்கொள்வார். துரைமாருக்குக் கடிதங்களும் ரசீதுகளும் இருந்தன. லயத்து வீட்டுக்குப் பெரும்பாலும் வாய்ச்சொல்தான். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.

நண்பன் இன்னும் விற்கவில்லை. தாத்தா பெயர், தோட்டத்தின் பெயர், துரை போன வருஷம், படம் தொங்கிய சுவர் என்று அவன் அம்மா சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறான். விற்றாலும் அந்தக் கொப்பியின் பிரதி ஒன்று படத்தோடு போகும். மூலம் வீட்டில் இருக்கும்.